ராசிபுரத்து இனிஷியல்

ஆர்.கே.நாராயணின் 'ஆர்', நம்ம ராசிபுரம்தான். 1956-ல் முதன்முதலாக வெளிநாடு போனபோது வயது 50. அந்த அமெரிக்கப் பயணக் குறிப்புகள்தான் 'மை டேட்லெஸ் டயரி'.

கையைக் கடிக்காமல் தனியாக வெளிநாடு கிளம்பும் நாமக்கல் பையனுக்கு இது உதவுமா? பட்ஜெட் போட உதவாது. செலவு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையுடையது. டிக்கெட்டுக்காகச் சீட்டைத் தள்ளி எடுக்கும் அவஸ்தை அவருக்கு இல்லை.

ஆனால் சைவ வயிற்றோடு திண்டாடி, பெர்க்லி ஓட்டல் அறையில் ஹாட் பிளேட் வைத்துச் சோறு பொங்குகிறாரே, அந்தப் பக்கங்கள் அசல். கிரேட்டா கார்போவைச் சந்தித்ததெல்லாம் எனக்கு அப்புறம்தான். பாங்காக்கோ பினாங்கோ, விடுதியில் சமைக்க விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். அம்மா கொடுக்கும் ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.