கடையை மூடச் சொல்லும் பாட்டும் கைநடுங்கும் தோழனும்

2015 அக்டோபர் 30 அதிகாலையில் திருச்சியில் கோவனைக் கைது செய்தார்கள். டாஸ்மாக்கை மூடு என்று பாடியதற்கு ராஜதுரோக வழக்கு, 124ஏ. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் அந்தப் பாட்டை அதுவரை கேட்காதவர்களும் அன்றைக்குத் தேடிக் கேட்டார்கள். மணப்பாறை டீக்கடைகளில் செல்போன் செல்போனாகத் தாவியது. அரசாங்கமே சாராயம் விற்கிறது, சாவது சனங்க என்பதை நாட்டுப்புற மெட்டில் நக்கலாகப் போட்டு உடைத்த பாட்டு அது. அதன் அரசியலில் எனக்கு மறுப்பில்லை. 2003இல் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட அரசு, 2023-24இல் அதில் 45,855 கோடி வருவாய் பார்த்தது. ஆட்சி மாறியது, கல்லா மாறவில்லை. பாட்டும் அதனால்தான் பழசாகவில்லை.

ஆனால் ஒரு பாட்டை, அது யாரைப் பார்த்துப் பாடுகிறது என்று வைத்துத்தான் நான் எடைபோடுவேன். இது கடையைப் பார்த்துப் பாடுகிறது, கோட்டையைப் பார்த்துப் பாடுகிறது. குடிக்கிறவன் பக்கம் திரும்பவில்லை.

என் தோழன் ஒருத்தன். பறையடிப்பான். நகராட்சியில் ஒப்பந்தத்துக்குச் சாக்கடை அள்ளுகிறான். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு மாப்ள. கடைய மூடச் சொல்லுது. மூடுன அன்னிக்கு ராத்திரி என்னைய எங்க படுக்கச் சொல்லுது?"

இதைவிடக் கறாரான விமர்சனத்தை அந்தப் பாட்டுக்கு நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடையை மூடினார்கள். பாட்டு கேட்டது நடந்தது, வேறு காரணத்துக்காக. செங்கல்பட்டில் வார்னிஷ் கலந்து குடித்து மூன்று பேர் செத்தார்கள். என் தோழனுக்கு முதல் நாள் கைநடுக்கம், வேர்வை. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் இல்லாத எறும்பை உடம்பெல்லாம் தேடித் தேடித் தட்டினான், செத்துப்போன அவன் அப்பனோடு பேசினான். தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், உயிரே போகும், வைத்தியர் பார்வையில் மாத்திரையும் பி1 ஊசியும் கொடுத்துத்தான் இறக்க வேண்டும் என்பது வைத்தியப் புத்தகத்தில் இருக்கிறது. நம் மேடைகளில் இல்லை. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலில் ஒருவர் கேட்டார், "குடிச்சவன்லாம் சாக வேண்டியதுதானே, எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?"

இந்தக் குரல் புதுசில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, பெரும்பாலோர் நம் சனங்க. அப்போதும் "குடிச்சுட்டுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்றுதான் நாடு கேட்டது. கிளப்பில் குடித்தால் நாகரிகம், சேரியில் குடித்தால் சேரிப்புத்தி. ஒழுக்கம் பேசுகிற வாய்க்குள்ளே சாதிதான் பேசுகிறது. மலக்குழியில் இறங்குகிறவன் குடிக்காமல் எப்படி இறங்குவான் என்று கேட்டால், அவனை இறக்கியது யார் என்ற கேள்வி வரும். அதனால் யாரும் கேட்பதில்லை.

நம் எழுத்துக்கு வருகிறேன். குடிகாரனை நாம் வீட்டுக்குள்ளிருந்து எழுதியிருக்கிறோம். பாமாவின் 'சங்கதி' 1994இலேயே குடித்துவிட்டு அடிக்கிற ஆம்பளையைப் பொம்பளைங்க வாயாலே சொல்ல வைத்தது. அந்தச் சாட்சியத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்கமாட்டேன். என் தோழன் பெண்டாட்டியும் அப்படி ஒரு சாட்சியம் வைத்திருக்கிறாள், முதுகிலே. அவன் வியாதிக்காரன் என்று நான் சொன்னபோது, "வியாதிக்காரன் உங்கள அடிச்சானாண்ணே?" என்று கேட்டாள். நியாயம்தான். எழுதப்படாமல் இருப்பது கூட்டாளியின் இடம். ஆம்பளைங்க சிநேகிதம் என்றாலே பாதிக்குப் பாதி குவார்ட்டர் பங்குபோடுவது என்றாகிவிட்ட ஊரில், பங்குபோடாத சிநேகிதன் எப்படி இருப்பான்? கூட்டம் முடிந்து விடுதலை பேசிய வாயோடு கடைக்கு நடக்கிற தோழர்களை வைத்து ஒரு நல்ல கதை நம்மிடம் உண்டா? நான் படித்ததில் இல்லை.

1935இல் அமெரிக்காவில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியபோது, குடியில் மாட்டிய ஒரு டாக்டரும் ஒரு பங்குச்சந்தை ஆளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். அவ்வளவுதான் மூலதனம். அறிவுரை சொல்லாமல் பேசியது பெரிய விஷயம். ஆனால் பெயரில்லாமல் இருப்பது மணப்பாறை மாதிரி ஊரில் லேசா? தெருவைச் சொன்னாலே சாதி தெரியும். அந்த முறையை நம் தெருவுக்குள்ளே, நம் பேச்சிலே கொண்டுவந்து வைக்க ஆள் வேணும்.

நான் செய்வது சின்ன விஷயங்கள். சம்பளத்தன்னிக்கு அவனோடு நடந்து வீடுவரை போகிறேன். மாத்திரை வாங்கும் நாளில் திருச்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறேன். பணம் கேட்டால் கையில் கொடுப்பதில்லை, அரிசியாக அவன் பெண்டாட்டியிடம் கொடுக்கிறேன். அவன் அடித்தால் அவள் பக்கம்தான் நிற்பேன் என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன். ஏழு மாசம் நிறுத்தினான், விழுந்தான். மறுபடி நிறுத்தினான், விழுந்தான். இப்போது மூணாவது தடவை.

மது ஒழிப்பு மேடைகளிலும் பறை அடிக்கிறார்கள். அந்தப் பறைக்காரனுக்கு எழவு வீட்டில் எங்கள் பக்கம் கூலியில் ஒரு பங்கைச் சரக்காகவே கொடுப்பது வழக்கம். இதை எந்தப் பாட்டும் பாடவில்லை. தோழன் இப்போது அடிக்கப் போகுமுன்பே பேசிவிடுகிறான்: "முழுக் கூலியும் ரூவாயாக் குடுங்க." ஊர்ப் பெரியவர்கள் முறைக்கிறார்கள். கூட அடிக்கிறவர்களே சிலர் திட்டுகிறார்கள், "ஏன்டா எங்க வயித்துல அடிக்கிறே" என்று. போன வாரம் ஒரு சாவில் காசை எண்ணி வாங்கும்வரை குச்சியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.