மாத்திரைக்குப் பிறகு பால் ஒத்துக்கவில்லை: ஒரு விளக்கத்தைப் பற்றிய விமர்சனம்

"சத்து மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து பால் குடிச்சாலே வயிறு கலக்குது." இந்தப் புகாரைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புகாரில் எனக்குச் சந்தேகம் இல்லை. நிஜமாகவே வயிறு கலங்குகிறது. அதற்குக் கூடவே ஒரு விளக்கமும் வரும்: மாத்திரை குடலிலுள்ள லாக்டேஸ் நொதியைக் கெடுத்துவிட்டதாம், அதனால் பாலை நிறுத்திவிட வேண்டுமாம். இந்த விளக்கத்தைத்தான் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்கிறேன்.

பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கும் நொதி லாக்டேஸ். சிறுகுடலின் உறிஞ்சிகளின் நுனிப் பகுதியில்தான் இது இருக்கிறது. உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு இந்த நொதி குறைந்துவிடுகிறது. குறையாமல் காப்பது ஒரு மரபணு மாற்றம் என்று 2002இல் ஃபின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதாவது இது மரபணு தீர்மானிக்கிற, வருடக்கணக்கில் மெல்ல நடக்கிற விஷயம். வேகமாக நடக்க வேண்டுமென்றால் குடலின் உட்சுவரே அடிபட வேண்டும்: கடுமையான வயிற்றுப்போக்கு, ஜியார்டியா தொற்று, சிலியாக் நோய் மாதிரி. ஒரு வைட்டமின் மாத்திரை இதை ஒரே வாரத்தில் எப்படிச் செய்யும்? இதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.

அப்படியென்றால் வயிறு ஏன் கலங்குகிறது? முதலில் மாத்திரையின் அட்டையைப் படிக்கலாம். மெக்னீசியம் ஆக்சைடும் சிட்ரேட்டும் குடலுக்குள் நீரை இழுப்பவை, மலமிளக்கியாகவே விற்கப்படுகின்றன. சத்து மாத்திரை வழியாக ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் மெக்னீசியம் வேண்டாம் என்று அமெரிக்காவில் வரம்பு வைத்ததே வயிற்றுப்போக்கை மனதில் வைத்துத்தான். வைட்டமின் சி 2 கிராமைத் தாண்டினாலும் இதே கதை. சர்க்கரை இல்லாத மென்று தின்னும் மாத்திரைகளில் சார்பிட்டால் இருக்கலாம். வே புரோட்டீன் பவுடரோ பாலிலிருந்தே எடுக்கப்படுவது. அதில் கான்சன்ட்ரேட் வகையில் லாக்டோஸ் மிச்சம் இருக்கும். அதைப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டுப் பாலை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

இன்னொரு பயம், மாத்திரையில் நிரப்பியாகச் சேர்க்கும் லாக்டோஸ் பற்றியது. ஒரு மாத்திரையில் அது சில நூறு மில்லிகிராம் இருந்தால் அதிகம். 240 மில்லி பாலில் சுமார் 12 கிராம். நொதி குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் அந்த 12 கிராமையே பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள்.

இங்கே 1995இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மினியாபொலிஸில் நடந்தது. சப்ளிமெண்ட் பற்றியது அல்ல, ஆனால் நம் கேள்விக்கு நேராகத் தொடுகிறது. பால் தங்களுக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது என்று தாங்களே சொன்ன 30 பேர். காலை உணவோடு தினமும் 240 மில்லி பால். ஒரு வாரம் சாதாரணப் பால், ஒரு வாரம் லாக்டோஸை முன்பே உடைத்த பால். ருசியில் கண்டுபிடிக்க முடியாதபடி சாதாரணப் பாலில் இனிப்பு சேர்த்திருந்தார்கள். எந்த வாரம் எது என்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. இரண்டு வாரத்துக்கும் இடையே தொந்தரவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. 30 பேரில் 9 பேர் லாக்டோஸை நன்றாகவே செரித்தார்கள்.

இந்த ஆய்வைக் காட்டி "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மீதி 21 பேருக்கு லாக்டோஸ் உண்மையிலேயே சரியாகச் செரிக்கவில்லை. சோதித்தது உணவோடு ஒரு கப் மட்டும்தான். வெறும் வயிற்றில் மூன்று டம்ளர் குடிப்பவருக்கு இது பதில் சொல்லாது. ஆய்வு சொல்வது இவ்வளவுதான்: தொந்தரவு இருக்கிறது என்பது வேறு, அதற்குக் காரணம் இதுதான் என்பது வேறு. முதலாவதை உடம்பே சொல்லிவிடும். இரண்டாவதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

காரணத்தை மாற்றிப் பிடித்தால் என்ன போய்விடும் என்று கேட்கலாம். ஒரு நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு ரத்தசோகை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். சில வாரத்தில் பால் ஒத்துக்கொள்ளவில்லை. "மாத்திரைதான் காரணம்" என்று அவர் மாத்திரையையும் பாலையும் சேர்த்தே நிறுத்துகிறார். ஆனால் சிலியாக் நோய் சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத்தான் முக்கியமாகத் தாக்குகிறது. இரும்பு உறிஞ்சப்படுவதும் அங்கேதான். அதே சேதத்தில் லாக்டேஸும் குறைகிறது. அப்போது ரத்தசோகை, பால் தொந்தரவு இரண்டுமே ஒரே நோயின் இரண்டு முகங்கள். மாத்திரை நடுவில் வந்தது, அவ்வளவுதான். "இதுக்கு அப்புறம் அது, அதனால இதுதான் காரணம்" என்கிற கணக்கு இங்கே உண்மையான நோயையே மறைத்துவிடுகிறது. இந்த விளக்கத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

எனவே ஒரே நேரத்தில் இரண்டையும் நிறுத்தாதீர்கள். நீங்களாக வாங்கிய சப்ளிமெண்ட் என்றால் அதை மட்டும் ஒரு வாரம் நிறுத்தி, பாலை அதே அளவில் தொடருங்கள். சரியாகிவிட்டால் திரும்ப ஆரம்பித்துப் பாருங்கள். மறுபடியும் வந்தால்தான் சந்தேகம் வலுக்கும். டாக்டர் எழுதிய மாத்திரை என்றால் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். தயிர் ஒத்துக்கொண்டு பால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் லாக்டோஸ் பக்கம் கொஞ்சம் சாயலாம். உறுதிப்படுத்த ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. எடை குறைதல், மலத்தில் ரத்தம், தூக்கத்தில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை – இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுச் சோதனை போதாது. சிலியாக் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையையும் நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் முடிவு தப்பாக 'இல்லை' என்று வரக்கூடும்.