துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் கதைகள்

1956 மே மாதம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து ஒரு வாசகர் இயன் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். பெயர் ஜெஃப்ரி பூத்ராய்ட். துப்பாக்கிகளைச் சேகரிப்பவர், அவற்றைப் பற்றி நிறைய தெரிந்தவர். ஜேம்ஸ் பாண்ட் நாவல்கள் அவருக்குப் பிடித்திருந்தன. பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், பாண்டின் துப்பாக்கி. 1953இல் வந்த முதல் நாவலிலிருந்தே பாண்ட் வைத்திருப்பது .25 பெரெட்டா. தட்டையாக, சின்னதாக, மான்தோல் உறையில் அக்குளுக்குக் கீழே கிடக்கும். அது பெண்கள் கைப்பையில் போட்டுக்கொள்கிற சாமான், ஓர் உளவாளி இதை நம்பியா உயிரோடு இருக்கிறான் என்பதுதான் பூத்ராய்டின் புகார்.

ஒரு வாசகர் கடிதம் நாயகனின் ஆயுதத்தையே மாற்றிவிட்டது என்பது இலக்கிய வரலாற்றில் ஒரு வேடிக்கையான அடிக்குறிப்பு. அதை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் கொஞ்ச காலமாக என் வாசிப்புக்கு வரும் நம் இளம் எழுத்தாளர்களின் குற்றக்கதைகளைப் பார்க்கும்போது இந்தக் கடிதம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் நம் கதைகளில் 'துப்பாக்கி' என்று மட்டும் இருக்கும். இப்போது 'கிளாக் 19' என்று வருகிறது. பெயர் தெரிந்துவிட்டால் ஆய்வு முடிந்துவிட்டது என்ற நினைப்பு. அது போதுமா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

முதலில் பூத்ராய்ட் சொன்னதைப் பார்ப்போம், ஏனென்றால் மனிதர் விஷயம் தெரிந்தவர். மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு அவர் பரிந்துரைத்தது ஸ்மித் அண்ட் வெஸன் சென்டினியல் ஏர்வெயிட், .38 ரிவால்வர். ஐந்தே குண்டுகள். ஆனால் அதன் சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, உள்ளேயே மறைந்திருக்கும். சட்டைக்குள்ளிருந்து உருவும்போது துணியில் மாட்டாது. தோட்டா ஒன்று வெடிக்கவில்லையென்றால் மறுபடி விசையை இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். தானியங்கிப் பிஸ்டலில் இந்த வசதி கிடையாது. அங்கே ஒரு தோட்டா மக்கர் செய்தால் கையால் இழுத்து வெளியே தள்ள வேண்டும். எதிரில் நிற்பவன் அதுவரை காத்திருக்க மாட்டான்.

ஃபிளெமிங் இதைக் கேட்டுக்கொண்டார், தனக்கு வேண்டிய மாதிரி. 1958இல் வெளிவந்த 'டாக்டர் நோ' நாவலின் தொடக்கத்தில் எம், பாண்டை அலுவலகத்துக்கு அழைக்கிறார். முந்தைய நாவலின் முடிவில் பாண்ட் சாகக் கிடந்தான்; துப்பாக்கியை உருவும் நேரத்தில் அதன் சைலன்சர் உடையில் சிக்கிக்கொண்டது. அந்தக் குற்றத்துக்குப் பெரெட்டா பறிக்கப்படுகிறது. ஆயுத நிபுணர் ஒருவர் உள்ளே வருகிறார். அவர் பெயர் மேஜர் பூத்ராய்ட்! புது ஆயுதம் 7.65 மில்லிமீட்டர் வால்தர் பிபிகே. கூடவே அந்த ஏர்வெயிட் ரிவால்வரும்.

இந்த அத்தியாயத்தைப் பலரும் தகவல் விருந்தாகத்தான் படிக்கிறார்கள். எனக்கு அது ஓர் அவமானக் காட்சி. பாண்ட் நிற்க வைக்கப்பட்டு அளக்கப்படுகிறான். அவன் உடம்பைப் பற்றி அவன் முன்னாலேயே இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். பல வருஷம் கூடவே இருந்த பொருளை மேசைமேல் வைக்கச் சொல்கிறார்கள். எந்தெந்த ஓட்டல் அறையில் எத்தனை இரவு அதைக் கழற்றித் துடைத்தோம் என்று அவன் மனம் ஓடுகிறது. கொலைக்கருவிமேல் வைத்த பாசம் அது. அந்தப் பாசத்தைப் பாண்ட் எந்தப் பெண்ணிடமும் இப்படிக் காட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஓட்டிய மெஷினை மாற்றும்போது ஒரு பழைய ஆப்பரேட்டர் முகம் எப்படிப் போகுமோ, அப்படி. ஃபிளெமிங் பெரிய எழுத்தாளர் இல்லை என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத் திரும்பப் படிக்கலாம்.

இதில் வேடிக்கை, ஃபிளெமிங் விவரத்தில் கோட்டை விட்டுவிட்டார். பூத்ராய்ட் சொன்ன பெர்ன்ஸ்-மார்ட்டின் உறை ரிவால்வருக்காகச் செய்யப்பட்டது. முன்பக்கம் பிளந்து, வில்கம்பி உருளையைக் கவ்விப் பிடிக்கும். நாவலில் பாண்ட் அதில் பிபிகே பிஸ்டலைச் செருகிக்கொண்டு போகிறான். பொருந்தவே பொருந்தாது. பூத்ராய்ட் பிறகு இதையும் சொல்லிக்காட்டினார். லட்சக்கணக்கான வாசகர்களில் யாருக்கும் நாவல் கெட்டுப்போகவில்லை.

சரி, பிபிகேயாவது நம்பகமானதா? 1974 மார்ச் 20 அன்று லண்டனில் இளவரசி ஆனைக் கடத்த ஒருவன் அவர் காரை மறித்தான். மெய்க்காப்பாளரிடம் இருந்தது வால்தர் பிபிகே. அது சுடவிடாமல் அடைத்துக்கொண்டது. அவர் குண்டு வாங்கிக்கொண்டே இளவரசிக்கும் கடத்த வந்தவனுக்கும் நடுவில் நின்றார். நாவலில் பெரெட்டா காலை வாரியது என்று கொடுக்கப்பட்ட அதே ரகத் துப்பாக்கி, நிஜத்தில் காலை வாரிய கதை இது. ஆக, விவரம் சரியா தப்பா என்பது இலக்கியத்தில் இரண்டாவது கேள்விதான். அந்த விவரம் பாத்திரத்தை என்ன செய்கிறது என்பதே முதல் கேள்வி.

இதற்கு இன்னொரு பின்குறிப்பும் உண்டு. 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலின் அட்டைக்கு ரிச்சர்ட் சாப்பிங் வரைந்த ஓவியத்தில் இருப்பது பூத்ராய்டின் சொந்த ரிவால்வர். விசைக்காப்பு வளையத்தை அறுத்து எடுத்தது. அது ஓவியரிடம் இருந்த சமயத்தில் கிளாஸ்கோ பக்கம் ஒரே வீட்டில் மூன்று பெண்கள் .38 துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸ் பூத்ராய்டைத் தேடி வந்தது, உங்கள் துப்பாக்கி எங்கே என்று. அட்டைப்படத்துக்குப் போயிருக்கிறது என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. பொழுதுபோக்குக் கதையின் துப்பாக்கியும் செத்துப்போன பெண்களின் வீடும் இவ்வளவு பக்கத்தில் இருந்தன.

நம் எழுத்தாளர்கள் தவறவிடுவது எதை என்று இப்போது சொல்கிறேன். கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் அடிப்படையான ஒரு முரண் இருக்கிறது. சுடுதளத்தில் இலக்கைச் சுடுவதற்கு நல்ல துப்பாக்கி கனமாக இருக்கும். கனம்தான் உதைப்பை வாங்கிக்கொள்ளும். குழல் நீளமாக இருக்கும், முன் குறியும் பின் குறியும் தள்ளித் தள்ளி இருப்பதால் குறி தவறுவது குறையும். பழகுகிறவர்களுக்கு .22 தோட்டாவே போதும். சத்தம் குறைவு, விலை குறைவு, கை பயப்படாது. மறைத்துச் சுமக்கும் துப்பாக்கியோ இதற்கு நேர் எதிர். குட்டையாக, இலேசாக இருந்தால்தான் சட்டைக்குள் தெரியாது. ஆனால் இலேசான துப்பாக்கி கையை உதைக்கும், வலிக்கும். வலிப்பதால் ஆட்கள் அதில் பழகவே மாட்டார்கள். சுமக்க எது எளிதோ அது சுடக் கஷ்டம். அதாவது, மறைத்துச் சுமப்பதற்காக ஒருவன் தேர்ந்தெடுக்கும்போது, சுடமாட்டோம் என்ற நம்பிக்கையும் சுடவேண்டி வரும் என்ற பயமும் ஒரே பொருளுக்குள் உட்கார்ந்துகொள்கின்றன. கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 'கிளாக் 19' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவருக்கு இது கிடைக்காமலே போகிறது.

நமக்கு அனுபவம் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றங்கள் சட்டப்படி, காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் மரண தண்டனை. குண்டு யார் மேலும் படாவிட்டாலும். மலேசியாவிலும் 1971இலிருந்து கடுமையான சட்டம்தான். சிங்கப்பூர்ப் பையன்களுக்கு நேஷனல் சர்வீஸில் ரைபிள் பழக்கம் உண்டு. ஆனால் அது தோளில் தெரியத் தெரியத் தூக்குவது, திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது. இடுப்பில் ஒளித்து வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போவது நம் வாழ்க்கையில் இல்லை.

இல்லாததும் ஒரு பார்வைதான். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டதற்குப் பிறகு, அவசரகாலம் முழுக்கத் துரைமார் ஆயுதத்தோடுதான் நடமாடினார்கள். அந்தக் காலத்தை எழுதும் கதையில் 'துரை இடுப்புல துப்பாக்கி' என்று ஒரு தோட்டத் தொழிலாளி சொன்னால் அது போதும். என்ன கம்பெனி, எத்தனை குண்டு என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளக் கேட்கவும் முடியாது. அங்கே பெயர் போட்டால்தான் பொய். தெரியாமையை ஒரு பாத்திரத்தின் இடத்திலிருந்து சரியாக எழுதுவது, தெரிந்ததைக் கொட்டுவதைவிடக் கஷ்டமான வேலை.

தெரிந்த ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது ஆந்த்ரே டுபஸின் 'கில்லிங்ஸ்' சிறுகதை. டுபஸ் அமெரிக்கர், லூசியானாக்காரர், கடற்படைப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர், பிறகு மாசசூசெட்ஸில் குடியேறி ஆசிரியராக இருந்தார். அவரே பல வருஷம் உரிமத்தோடு துப்பாக்கி சுமந்தவர்.

கதையில் மேட் ஃபவுலரின் 21 வயது மகனை ரிச்சர்ட் ஸ்ட்ரௌட் என்பவன் சுட்டுக் கொல்கிறான், சொந்தப் பிள்ளைகள் பார்க்க. விசாரணைக்கு முன்பே ஜாமீனில் வெளியே வருகிறான். சின்ன ஊர். மகனைப் பறிகொடுத்த தாய் கடைத்தெருவில் அவனைப் பார்க்கிறாள், மறுபடி மறுபடி பார்க்கிறாள். மேட் ஒரு கடைக்காரர். அவரிடம் பல வருஷமாக ஒரு .38 இருக்கிறது. இப்போது அதைக் கடைக்கு எடுத்துப் போகத் தொடங்குகிறார். மனைவியிடம் சொல்கிற காரணம், இரவில் பேங்கில் பணம் கட்டப் போக வேண்டும், ஊர் முன்னே மாதிரி இல்லை, போதைப் பழக்கக்காரர்கள் வந்துவிட்டார்கள், வேலையில்லாதவர்கள் அதிகம். மனைவிக்கு இது பொய் என்று தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

துப்பாக்கியைப் பற்றி அந்த இடத்தில் டுபஸ் கொடுக்கும் விவரம் '.38' என்ற ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றிய பேச்சு. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு முழுத் திருமணம் இருக்கிறது. புதிதாக வாங்காமல், ஏற்கெனவே வீட்டில் கிடந்ததை எடுப்பது முக்கியம். கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்திருந்தால் அது திட்டம். கிடந்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அவனை எங்காவது எதிரே பார்த்து, ஏதாவது ஒரு 'நிலைமை' வந்தால் என்று மேட் நினைக்கிறார். அந்த நிலைமை தானாக வரட்டும் என்று காத்திருக்கிறார். அது வருவதில்லை. கடைசியில் நண்பரோடு சேர்ந்து போய் அவரே அதை உண்டாக்குகிறார். ஸ்ட்ரௌட்டைப் பெட்டி கட்டச் சொல்லி, ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்று ஊர் நினைக்கும்படி செய்து, காட்டுக்குக் கொண்டுபோகிறார். ஸ்ட்ரௌட் ஓடப் பார்க்கும்போது துப்பாக்கி மேட் கையில் உதைக்கிறது. அவன் விழுந்து நெளிகிறான். மேட் நடந்து கிட்டே போகிறார். இரண்டாவது குண்டு அங்கேதான். அந்தச் சில அடி நடையை எழுதத் துப்பாக்கி அறிவு மட்டும் உதவாது.

டுபஸின் சொந்த வாழ்க்கையில் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்தது. 1998இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் 'கிவிங் அப் தி கன்' என்றொரு கட்டுரை. அவர் நேசித்த ஒருத்தி பலாத்காரம் செய்யப்பட்டதற்குப் பிறகுதான் அவர் உரிமம் வாங்கினார். தன்னோடு இருக்கிறவர்களுக்கு இனி அப்படி நடக்கவிடக் கூடாது என்று. அலபாமாவின் டஸ்கலூசாவில் ஓர் இரவு, கத்தியை எடுத்த ஒருவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார். சுடவில்லை. ஆனால் சுட்டிருக்க முடியும் என்ற நினைப்பு அவரை விடவில்லை. 1986இல் நெடுஞ்சாலையில் விபத்தில் மாட்டியவர்களுக்கு உதவப் போய், வேறொரு கார் மோதி ஒரு காலை இழந்தார், சக்கர நாற்காலிக்கு வந்தார். சாதாரணக் கணக்குப்படி, ஓட முடியாதவருக்குத்தான் துப்பாக்கி அதிகம் தேவை. அவர் அந்த நிலையில்தான் அதைக் கைவிட்டார்.

எனக்கு இந்தக் கட்டுரையோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. கைவிடும் முடிவு கத்தோலிக்க அருள் மாதிரி வந்து இறங்குகிறது. நம்பிக்கை இல்லாத வாசகனுக்கு அங்கே பிடிமானம் இல்லை. டுபஸுக்கு நடந்தது, எனக்கு என்ன வழி என்று நிற்க வேண்டியிருக்கிறது. பயத்தின் காரணத்தை அத்தனை நேர்மையாகச் சொன்னவர், பயம் போன விதத்தை மட்டும் விளக்காமல் விட்டுவிட்டார். சிறுகதையில் அவர் மேட்டுக்கு அந்த அருளைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுக்கிறார், மனைவியிடம் சொல்கிறார், அழக்கூட முடியவில்லை. அதனால்தான் கதை கட்டுரையைவிட உயரத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையை 2001இல் டாட் ஃபீல்ட் 'இன் தி பெட்ரூம்' என்று படமாக்கினார். நல்ல படம், சிஸ்ஸி ஸ்பேசெக்கின் தாய் முகம் மறக்காது. ஆனால் படத்தில் மேட் கடைக்காரர் இல்லை, டாக்டர். டாக்டர் இரவில் கல்லாப் பணத்தைப் பேங்கில் கட்டப் போக மாட்டார். அந்தப் பொய் படத்தில் இல்லாமல் போய்விட்டது. படம் பார்த்துவிட்டுக் கதையைத் தேடிப் போகிறவர்கள் முதலில் அந்த இரண்டு பக்கத்தைப் படியுங்கள்.