பாலில் பென்சிலின்: ஒளி உணரிக்கு எங்கே வேலை?

மடிநோய்க்காகக் காம்பில் ஏற்றிய பென்சிலின் அடுத்த கறவையிலேயே பாலில் இறங்கிவிடும். காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. இதைக் கண்டுபிடிக்க ஒளியால் இயங்கும் என்சைம் உணரியைப் பரிந்துரைக்கிறார்கள். சிலிக்கான் சில்லின் மேல் பென்சிலினேஸ் என்சைமைப் பூசியிருப்பார்கள். அது பென்சிலினை உடைக்கும்போது அமிலத்தன்மை கூடும். அதனால் ஒளிபட்ட புள்ளியில் மின்னோட்டம் மாறும். ஒளியை நகர்த்தி ஒரே சில்லில் பல மாதிரிகளைப் பார்க்கலாம், சில்லைத் திரும்பவும் பயன்படுத்தலாம். நல்ல கருவிதான். ஆனால் டேங்கர்கள் வந்து நிற்கும் விழுப்புரத்துப் பால் பண்ணையின் வாசலில் இதற்கு வேலையில்லை. வேலை திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துப் பால் கூட்டுறவு சொசைட்டியில்தான் இருக்கிறது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிப்படி ஒரு கிலோ பாலில் 4 மைக்ரோகிராம் பென்சிலினுக்கு மேல் கூடாது. அது லிட்டருக்கு ஏறத்தாழ 12 நானோமோல். அமிலத்தை அளக்கும் இவ்வகை உணரிகள் பெரும்பாலும் மைக்ரோமோலிலிருந்துதான் பேசத் தொடங்கும். போதாக்குறைக்குப் பாலிலுள்ள கேசீனும் பாஸ்பேட்டும் அமில மாற்றத்தை விழுங்கிவிடுகின்றன. ஆய்வகக் கரைசலில் வந்த முடிவைப் பாலுக்கு நீட்டுவது சரியல்ல. 2017-இல் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தார் என்சைமையே விட்டுவிட்டு, ஒளியால் தூண்டப்படும் சாயத்தைக் கொண்டு அமாக்சிசிலினை நானோமோல் அளவில் கண்டார்கள். வழி அங்கே திறக்கலாம். அதுவும் பால் என்ற சோதனையைத் தாண்டியாக வேண்டும்.

டேங்கரில் கலந்தால் நீர்த்துப்போகாதா என்று கேட்கலாம். 100 மில்லிகிராம் மருந்து 25,000 லிட்டர் பாலை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோகப் போதும். அதே மருந்து கலப்பதற்கு முன் ஒரு மாட்டின் 5 லிட்டரில் இருந்தால் லிட்டருக்கு 60 மைக்ரோமோல். இந்த உணரிக்கு எட்டும் அளவு. 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 மாதிரிகளைச் சோதித்து, 77-இல் ஆன்டிபயாடிக் வரம்பை மிஞ்சியதாகச் சொன்னது. அது சந்தைக்கு வந்த பாலின் கணக்கு. எந்த மாடு என்று அதில் தெரியாது. பத்து நிமிடத்தில் காட்டும் சோதனைப் பட்டைகள் உண்டே என்பது அடுத்த கேள்வி. டேங்கருக்கு அவையே சரி. ஆனால் பட்டையை ஒருமுறை நனைத்தால் தீர்ந்தது. கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் (எஸ்.என்.எஃப்.) பார்த்துக் காசு எழுதும் சொசைட்டியில், பால் ஊற்றும் ஒவ்வொருவருக்கும் தினமும் ஒன்று கட்டுப்படியாகாது.

குறையும் சொல்ல வேண்டும். மருந்து குறைந்துவிட்ட மூன்றாம் நாள் பாலை உணரி தவறவிடும். ஆக்ஸிடெட்ராசைக்ளினும் என்ரோபிளாக்சசினும் அதன் கண்ணில் படவே படாது. சித்திரை வெயிலில் என்சைம் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சொசைட்டியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிடிபட்டவரின் பாலைத் திருப்பியனுப்பினால் அவர் தனியார் ஏஜென்டிடம் ஊற்றிவிடுவார். ஆகவே கருவி வாங்கும் முன், சிகிச்சை நாட்களில் பாலை ஒதுக்குபவருக்கு அதன் விலையில் ஒரு பங்கைப் பால் கூட்டுறவு ஒன்றியம் கொடுக்கட்டும்.