கல்லூரி நூலக நூற்பட்டியும் பதிப்பு அடையாளமும்: ஆய்வு மூலங்களைத் தேடுதல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்த்துறை ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் ‘முதன்மை ஆதாரங்கள்’ என்னும் தலைப்பின்கீழ்த் தொல்காப்பியமும் சங்க நூல்களும் இடம்பெறுகின்றன. அவற்றுள் எப்பதிப்பு ஆய்வுக்குக் கொள்ளப்பட்டது, ஏன் கொள்ளப்பட்டது என்னும் வினாக்களுக்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. கல்லூரி நூலகத்தில் கைக்கு எட்டிய படியே மூலமாகிவிடுகிறது. இதற்கு ஆய்வாளரின் சோம்பலைக் காரணமாகக் கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. நூற்பட்டி பதிப்புகளை வேறுபடுத்திக் காட்டாதபோது, தமக்கு வேண்டிய பதிப்பு அடுத்த அடுக்கிலேயே இருப்பினும் ஆய்வாளர் அதனை அறிய வழியில்லை. நூல் இருந்தும் அதன் அடையாளம் மறைந்துபோகும் இந்நிலை ஆய்வு முடிவுகளையே பிழையாக்கக்கூடும் என்பதை இக்கட்டுரை சில சான்றுகளால் விளக்க முற்படுகிறது.

பின்னான்கியல் உரை காட்டும் சிக்கல்

சி. வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். பொருளதிகாரம் அச்சு வடிவில் தமிழுலகிற்குக் கிடைக்கச் செய்த அப்பதிப்பின் பெருமை குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. எனினும், அதில் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய பின்னான்கு இயல்களுக்கும் அமைந்த உரை பேராசிரியருடையது என்பது பின்னரே தெளிவாயிற்று. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழில் இதனை ஆராய்ந்து நிறுவியவர் ரா. இராகவையங்கார். செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை அதன் பிறகு தனியே அச்சேறியது.

இவ்வரலாறு தொல்காப்பிய ஆய்வாளர்க்குப் புதிதன்று. ஆயினும், 1885ஆம் ஆண்டுப் பதிப்பின் படியோ ஒளிப்படியோ நூலகத்தில் இருக்குமாயின், அதன் முகப்புப் பக்கத்தைக் கண்டு பதிவு செய்பவர் உரையாசிரியர் என்னுமிடத்தில் நச்சினார்க்கினியர் பெயரையே எழுதுவார். அவர் கடமையில் தவறியவர் ஆகார். முகப்பில் உள்ளதை உள்ளவாறு எழுதுதலே பதிவின் விதி. விளைவோ இருவகையில் தீங்காகிறது. பேராசிரியர் என்று தேடுவோர்க்கு இந்நூல் தென்படாது. நச்சினார்க்கினியர் என்று தேடுவோர்க்கு அவர் எழுதியதாக இன்று கிடைக்காத மெய்ப்பாட்டியல் உரை ‘கிடைத்துவிடும்’. நச்சினார்க்கினியரின் மெய்ப்பாட்டுக் கொள்கை என்று ஓர் இயலை அதனைக் கொண்டு எழுதிவிடவும் இயலும். செய்யுளியலில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஒரே உரையாசிரியர் பெயரில் இருவேறு உரைகள் மேற்கோளாகும்போது, அடிக்குறிப்பில் பதிப்பு விவரம் இல்லையெனில் மதிப்பீட்டாளரும் பிழையைக் கண்டறிதல் அரிது.

ஒரு நூல், பல நூல்கள்

குறுந்தொகையை நோக்குக. திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் அதனைத் தம் உரையுடன் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியத் தொகுப்பில் பாடல்கள் புலவர் வரிசையில் அடுக்கப்பட்டன. பின்னர் மர்ரே எஸ். ராஜம் பதிப்பு சந்தி பிரித்துத் தந்தது. ஆய்வாளர் எதனைக் கையில் எடுக்கிறாரோ அதற்கேற்ப அவர் காணும் பொருளும் மாறும். சாமிநாதையர் பதிப்பில் பிரதிபேதம், மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி ஆகியன உள்ளன. ஒரு சொல்லுக்குச் சுவடிகள் தரும் மாற்றுப்பாடத்தையும், பழைய உரையாசிரியர்கள் அப்பாடலை எவ்விடத்தில் எடுத்தாண்டனர் என்பதையும் அங்கேயே அறியலாம். மூலமும் எளிய உரையும் மட்டும் தரும் மலிவுப் பதிப்பில் இவை இரா. சந்தி பிரித்த பாடத்திலோ, பதிப்பாசிரியர் ஒருவர் மேற்கொண்ட பொருள்முடிபு சொற்பிரிப்பின் வடிவில் முன்பே இடம்பெற்றுவிடுகிறது. நூற்பட்டியில் இவையனைத்தும் ‘குறுந்தொகை’ என்னும் ஒரே பெயரில் நிற்கின்றன.

ஆண்டு குறிக்கும் முறையும் குழப்பத்தைப் பெருக்குகிறது. 1942இல் மறைந்த சாமிநாதையரின் பெயருக்கு எதிரே 2000க்குப் பிந்தைய ஆண்டு ஒன்று மட்டும் நிற்கும் துணைநூற்பட்டியல்கள் நமக்குப் பழகிப்போயின. மறுபதிப்பைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. அது எந்தப் பதிப்பின் மறுபதிப்பு என்று கூறாமையே குற்றம்.

பதிவில் வெறுமையாக நிற்கும் புலங்கள்

நூலகவியல் இதற்கு வழிகாணாமல் விட்டுவிடவில்லை. மார்க் 21 பதிவு முறையில் பதிப்பைக் குறிக்க 250ஆம் புலமும், பதிப்பாசிரியர், உரையாசிரியர் முதலியோர் பெயரைச் சேர்க்க 700ஆம் புலமும், பொதுக் குறிப்பு எழுத 500ஆம் புலமும் உள்ளன. கோஹா போன்ற கட்டற்ற நூலக மென்பொருள்கள் இவற்றுக்கு இடமளிக்கின்றன. மேற்கண்ட பொருளதிகாரப் பதிவில் 500ஆம் புலத்தில் ஒரு வரியும் 700ஆம் புலத்தில் பேராசிரியர் பெயரும் சேர்ந்தாலே சிக்கல் தீரும். ஆனால், பழைய அட்டைகளைக் கணினிக்கு மாற்றும் பணி தலைப்பு, ஆசிரியர், சேர்க்கை எண் ஆகியவற்றோடு முடிந்துவிடுமிடங்களில் இப்புலங்கள் வெறுமையாகவே நிற்கும். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் எனப் பெயர் பலவாறு பதிவாவதும், உரோமன் எழுத்தில் மாற்றும்போது மேலும் சிதைவதும் தனிக்கதை.

தமிழறியாத நூலகர் ஒருவரிடம் இவ்வேறுபாடுகளை எதிர்பார்ப்பது முறையன்று. பொறுப்பு தமிழ்த்துறையையே சாரும். நூல் வாங்கப் பட்டியல் அனுப்புவதோடு நூலகத்துடன் உள்ள உறவு முடிந்துவிட்டது என்று துறைகள் கருதுகின்றன. பதிவுகளைச் சரிபார்க்கும் பணியை ஆய்வுமுறையியல் பாடத்தின் செய்முறைப் பயிற்சியாகவே வைக்கலாம். ஆய்வுமுறையியல் என்ற பெயரில் நிறுத்தக்குறிகளின் இடத்தைப் பயிற்றுவிக்கச் செலவாகும் காலத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

இதழ்த் தொகுதிகள்

1902இல் தொடங்கிய ‘செந்தமிழ்’, 1923இல் தொடங்கிய ‘செந்தமிழ்ச் செல்வி’, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ ஆகியவற்றின் கட்டமைத்த தொகுதிகள் சில கல்லூரிகளில் உள்ளன. நூற்பட்டியில் இவை இதழ்ப்பெயரும் தொகுதி எண்ணுமாகவே காணப்படும். உள்ளே இருக்கும் கட்டுரைகளுக்குத் தனிப்பதிவு இராது. பின்னான்கியல் உரை யாருடையது என்பதை நிறுவிய எழுத்தே இத்தகைய தொகுதியொன்றுக்குள் இருக்கிறது என்பதை எண்ணுதல் வேண்டும். பிழையான தகவல் நூற்பட்டியில் வெளிப்படத் தெரிய, அதன் திருத்தம் கட்டமைத்த தொகுதிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் நிறுவனம் ஆகியவை இன்று பெருந்துணை புரிகின்றன. இருப்பினும், அங்கும் எப்பதிப்பைத் தேடுவது என்று முன்னரே அறிந்தவர்க்கே தேடல் முழுப்பயன் தரும்.

கழிக்கப்படும் படிகள்

பழம்பதிப்புகள் கல்லூரியை விட்டு நீங்கும் வழி பெரும்பாலும் கழிவுப் பட்டியலே. தாள் முறிந்த படியை நீக்கும்போது, ‘இதே நூல் புதிய பதிப்பாக உள்ளது’ என்பது எளிய நியாயமாகிறது. தலைப்பை மட்டும் கண்டால் அது சரியாகவும் தோன்றும். முன்னுரையும் பிரதிபேதமும் பிற்சேர்க்கையும் புதிய படியில் உள்ளனவா என்று ஒப்புநோக்கியபின் தமிழ்த்துறையாசிரியர் ஒருவர் கையொப்பமிட்டாலன்றி இலக்கண, இலக்கிய நூலெதனையும் கழித்தலாகாது என்பதை நூலகக் குழுக்கள் விதியாக்க வேண்டும். கழிக்கத்தான் வேண்டுமெனில், சேர்க்கைப் பதிவேட்டில் ‘நீக்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் பதிப்பாசிரியர் பெயரையும் பதிப்பாண்டையும் அருகே எழுதுதல் நலம். பின்வரும் ஆய்வாளர் அதே பதிப்பை வேறு நூலகத்தில் தேடுவதற்கு அக்குறிப்பேனும் உதவும்.