அயனும் அதன் பெயரும்

பொருளை அறிந்தபின் அதற்குப் பெயரிடுதல் முறை. ஆயினும், விஞ்ஞான வரலாற்றிலே பெயர் முந்திப் பொருள் பிந்திய நிகழ்ச்சிகளும் உள. அயன் என்னும் சொல் அத்தகையது. அச்சொல்லும் அதன் வழிவந்த சொற்களும் நம் மாணவர்க்கு எவ்வளவில் துணைசெய்கின்றன, எவ்வளவில் இடர்செய்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யான் விஞ்ஞான ஆசிரியன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும், "கற்றயன் என்றால் கல்வி கற்ற அயனா, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவியபோது, அவ்வினா தமிழாசிரியனுக்கும் உரியதென உணர்ந்தேன்.

இச்சொல் பிறந்த ஆண்டு 1834. மின்பகுப்பை ஆராய்ந்த மைக்கேல் பரடே, கொல்லன் ஒருவரின் மகன், நூல் கட்டும் தொழில் பயின்றவர், கிரேக்கம் கல்லாதவர். தாம் கண்டவற்றுக்குப் பெயர் வேண்டிக் கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் கியூவலை நாடினார். பூமியின் காந்தத்துக்குக் காரணமான மின்னோட்டம் ஞாயிறு செல்லும் திசையிலேயே கிழக்கிலிருந்து மேற்காகப் பூமியைச் சுற்றுவதாகப் பரடே கற்பனை செய்தார். அதற்கொப்ப, ஞாயிறு எழும் பக்கத்து மின்வாய் 'மேல்வழி' எனப் பொருள்படும் அனோட்டு ஆயிற்று. அது விழும் பக்கத்து மின்வாய் 'கீழ்வழி' எனப் பொருள்படும் கதோட்டு ஆயிற்று. அவற்றை நோக்கிச் செல்வது 'செல்வது' என்னும் பொருளுடைய அயன். இலத்திரன் கண்டறியப்பட்டதோ 1897 இல். கரைசலில் அயன்கள் மின் செலுத்துமுன்னரே உள்ளன என்னும் கொள்கைக்கு வித்திட்ட அரீனியசின் ஆய்வுரை 1884 இலேதான் வந்தது. அதற்கு உப்சாலாப் பல்கலைக்கழகம் தாழ்ந்த தரமே வழங்கியது. அவருக்கு நோபல் பரிசு 1903 இற் கிடைத்தது.

நம்மவர் இச்சொல்லை ஒலிபெயர்த்தே கொண்டனர். 1875 இல் வெளிவந்த கிறீன் வைத்தியரின் இரசாயன நூலும் 'கெமிஸ்தம்' என ஒலிபெயர்த்த பெயரே தாங்கிற்று; ஆதலின் இவ்வழி நமக்குப் புதிதன்று. அயன் எனின் தமிழில் பிரமன். 'பிறவாதவன்' என்பது பொருள். அணுவிலிருந்து பிறப்பதற்குப் பிறவாதவன் பெயரா எனச் சிலர் நகைக்கலாம். ஆனால், உத்தராயணம், தட்சிணாயனம் என்பவற்றிலுள்ள அயனம் என்னும் வடசொல்லும் 'செல்லுதல்' எனவே பொருள்படும். அதுவும் அக்கிரேக்கச் சொல்லும் ஒரே மூலத்தன. ஞாயிற்றின் செலவை நினைந்து இடப்பட்ட பெயர்களுக்கு ஞாயிற்றின் செலவையே குறிக்கும் நம் சொல் உறவாதல் எத்துணைப் பொருத்தம்! அயன் என்பது நிலைக்கத் தக்கதே.

கற்றயன், அன்னயன் என்பவற்றுக்கு இப்பொருத்தம் இல்லை. கிரேக்கத்தில் பொருள் தந்த முன்னொட்டுகள் தமிழில் வெறும் ஓசையாயின. ஓசையாயினும் தீங்கில்லை, 'கற்ற' எனவும் 'அன்ன' எனவும் வேறு பொருள் தந்து மயக்குவதே குறை. நேரயன், மறையயன் என்னும் வழக்குகள் ஏற்றத்தை நேரே உணர்த்துவன. மறை என்பது வேதத்தையும் குறிக்குமே எனின், மறையெண்ணைக் கணித வகுப்பிலே பழகிய மாணவனுக்கு அம்மயக்கம் நேராது. ஆங்கில நூல் பயிலும் நாளில் மற்றைப் பெயர்களை அறிதல் ஒருநாள் வேலையே.

பெயரினும் பெரிய குறை விளக்கத்தில் உளது. சோடியம் அணு தன் ஓரிலத்திரனை 'விரும்பிக் கொடுக்கின்றது' எனக் கற்பிப்போர் பலர். உண்மை வேறு. சோடியத்தின் கருவில் 11 புரோத்தன்கள் உள. அதன் 11 இலத்திரன்களில் ஒன்றை நீக்க, மூலொன்றுக்கு 496 கிலோயூல் சத்தியைச் செலவிடல் வேண்டும். குளோரின் அணு அதனை ஏற்கும்போது வெளிவருவது 349 கிலோயூல் மட்டுமே. எஞ்சும் 147 கிலோயூல் கடனைத் தீர்ப்பது, நேரயனும் மறையயனும் ஒன்றையொன்று ஈர்த்துப் பளிங்குச் சாலகமாய் அமையுங்கால் வெளிவரும் ஏறத்தாழ 787 கிலோயூல் சத்தியாகும். கொடையன்று, கணக்கே இங்கு நிகழ்வது. விருப்பத்தைக் கூறின் மாணவன் கதையை நினைவில் வைப்பான். கணக்கைக் கூறினால்தான் காரணத்தை அறிவான்.

இனி, மறையயன்களின் ஈறுகளை நோக்குவோம். சல்பைட்டு, சல்பைற்று, சல்பேற்று என்பவற்றுள் முதலாவது ஒட்சிசன் அற்றது; இரண்டாவது மூன்று ஒட்சிசன் அணுக்களையும் மூன்றாவது நான்கையும் உடையன. டகர றகர வேறுபாட்டை நாவிலே காக்கும் நம் நாட்டு வழக்கை நம்பி இவ்வேறுபாட்டை அமைத்த கலைச்சொல்லாளரைப் பாராட்டல் வேண்டும். அச்சுப் பிழையும் கவனமின்மையும் இதனைக் குலைத்தல் ஆகாது. குடிநீரில் லீற்றரொன்றுக்கு நைத்திரேற்று 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நைத்திரைற்றோ 3 மில்லிகிராம் மட்டுமே. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய நாட்டில் ஓரெழுத்தின் பிழை இலக்கணப் பிழை மட்டுமன்று.

பெரசு, பெரிக்கு முதலிய பழம்பெயர்களோ கைவிடத் தக்கன. பெரசு இரண்டு நேரேற்றம் உடையது. குப்பிரசு ஒன்றே உடையது. ஈறு ஒன்றாயினும் எண் வேறு. தனிமத்தின் பெயரோடு எண்ணை அடைப்புக்குறியுள் எழுதும் இன்றைய முறை இம்மயக்கத்தை அறவே நீக்குகின்றது.

சுருங்கக் கூறின், அயனை வைத்துக்கொள்வோம்; ஈறுகளைக் காப்போம்; கற்றயனுக்கு விடைகொடுப்போம். அன்று வினவிய மாணவனுக்கு யான் உடனே விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவனுக்குரிய விடை. கல்லாத அயனுக்குக் கற்றயன் எனப் பெயரிட்டது அவன் குற்றமன்று, நம் குற்றமே.