ஹிஜ்ரின் கற்களும் நம் எழுத்தும்

நம்மவர் எழுதிய ஹஜ்ஜுப் பயண நூல்களையும், நபிமார் வரலாறு கூறும் கட்டுரைகளையும் பல்லாண்டுகளாகப் படித்து வருகிறோம். மதாயின் ஸாலிஹ் என வழங்கும் அல்-ஹிஜ்ர் பற்றிய பகுதி வந்ததும், யார் எழுதினாலும் நடை ஒன்றாகிவிடுகிறது. ஸமூது கூட்டத்தார் மலையைக் குடைந்தனர், மமதை கொண்டனர், அழிந்தனர், காண்போர்க்கு இது படிப்பினை என நான்கு தொடரில் பகுதி முடிந்துவிடும். படிப்பினை உண்டு, ஆனால் எழுதியவர் கண்ணால் கண்டது ஒன்றேனும் அதில் இல்லை. இந்தக் குறை எழுத்தோடு நின்றுவிடுவதில்லை. எதை உற்று நோக்கவில்லையோ அதைக் காக்கவும் நாம் முற்படுவதில்லை. ஆதலின் இதனைச் சற்று ஆராய்வோம்.

அரபிக் கவிதையின் தலைவாயிலே பாழிடந்தான். முஅல்லகாத்துகளைப் பாடங்கேட்டவர்கள் இதனை அறிவர். காதலியின் கூட்டத்தார் கூடாரம் அடித்துப் பெயர்ந்துபோன இடத்தில் கவிஞன் ஒட்டகத்தை நிறுத்துகிறான். எஞ்சிய அடுப்புக் கற்களையும் சாம்பலையும் வாய்க்காலையும் ஒவ்வொன்றாக நோக்குகிறான். அதன் பின்னரே அவனுக்குக் கண்ணீர் வருகிறது. பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய லபீத், வெள்ளம் வந்து வெளிப்படுத்திய பாழிடத்தின் தடங்களை எழுதுகோல் மீண்டும் துலக்கிய எழுத்துக்கு ஒப்பிட்டார். அந்த உவமை வெறுங்கற்பனையன்று. அரபு நாட்டின் பாலையெங்கும் பாறைகளில் எழுத்து உண்டு. நம் சங்கப் புலவரும் பாலை வழியில் நிற்கும் நடுகல்லில் எழுத்துத் தேய்ந்திருப்பதைக் கண்டு பாடினர். அவ்விரு மரபினரும் கண்டபின் கலங்கினர். நாமோ காணாமலே கலங்குகிறோம்.

இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டெனச் சிலர் எண்ணுகின்றனர். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக்குக்குச் செல்லும் வழியில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரைக் கடந்தார்கள். தமக்குத்தாமே அநீதி இழைத்துக்கொண்டோரின் இருப்பிடங்களில் அழுதவர்களாகவே அன்றி நுழையவேண்டாம் எனத் தோழர்களைத் தடுத்தார்கள். அங்குள்ள கிணறுகளின் நீரால் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்கு இடச் செய்து, ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றில் மட்டும் நீர் எடுக்கப் பணித்தார்கள். புகாரியில் வரும் இச்செய்தியை முழுமையாக நோக்குவோம். எந்தக் கிணறு எது என்று பிரித்தறியும் நுட்பம் அதில் இருக்கிறது. உள்ளம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்ற ஒழுங்கும் இருக்கிறது. இடியுங்கள் என்றதொரு சொல் அதில் இல்லை. பெரும்படையொன்று உடனிருந்தும் ஒரு கல்லும் பெயர்க்கப்படவில்லை. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பாருங்கள் எனத் திருமறை பன்முறை ஏவுகிறது. பார்ப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தாலன்றோ அந்த ஏவலை நிறைவேற்ற இயலும்?

இனி, அக்கற்கள் தாமே சொல்வதைக் கேட்போம். இன்று ஹிஜ்ரில் நிற்பவற்றுள் பெருங்கல்லறைகள் 111. அவற்றுள் 94 சிற்ப முகப்புடையவை. அவை கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டு வரை நபத்தியர் குடைந்தவை. கஸ்ருல் ஃபரீத் என்னும் தனிப்பாறைக் கல்லறை முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. மேற்பகுதி செம்மையாகவும் அடிப்பகுதி கரடாகவும் இருத்தலால், கல்தச்சர் உச்சியிலிருந்து கீழ்நோக்கியே செதுக்கினர் என்பது விளங்குகிறது. முகப்புகளில் உரியவர் பெயர், ஆண்டு, கல்தச்சர் பெயர் ஆகியவை உள. கல்லறையை விற்பவனும் அதில் அயலாரைப் புதைப்பவனும் தெய்வத்துக்கும் அரசன் ஹாரிதாவுக்கும் தண்டம் செலுத்தவேண்டும் என்றும் சில கல்வெட்டுகள் விதிக்கின்றன. அவ்வரசன் கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்ட நான்காம் அரேத்தாஸ் ஆவான்.

அங்ஙனமாயின் ஸமூது என்னாயிற்று என வாசகர் வினவலாம். ஸமூது என்னும் பெயர், கி.மு. எட்டாம் நூற்றாண்டின் அசீரிய மன்னன் சார்கோனின் குறிப்புகளிலேயே காணப்படுகிறது. நபத்தியக் கல்லறைகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. திருமறை ஹிஜ்ர்வாசிகளைக் கூறிற்றேயன்றி, இன்னின்ன முகப்பு ஸமூதுடையது எனச் சுட்டவில்லை. சுட்டியவர்கள் நாம். ஆதலின் இந்தக் கண்டுபிடிப்பால் வேதத்துக்கு இழுக்கில்லை. நம் அவசரத்துக்கே இழுக்கு. கல்லில் பெயரும் ஆண்டும் பொறித்திருக்க, அதனைப் படியாமல் வேறொருவர் பெயரை ஏற்றிக் கூறுவது அறிவுடையோர்க்கு அழகன்று.

அந்த நபத்திய எழுத்திலிருந்தே நாம் ஓதும் அரபி எழுத்துப் பிறந்தது. கி.பி. 267ஆம் ஆண்டைக் குறிக்கும் ஹிஜ்ர்க் கல்லறைச் சாசனமொன்றில் நபத்திய எழுத்தினூடே அரபி மொழி ஒலிப்பதை அறிஞர் காட்டியுள்ளனர். அல்-உலாப் பக்கத்துப் பாறையொன்றில் ஸுஹைர் என்பவர் ஹிஜ்ரி 24ஆம் ஆண்டில், உமர் (ரலி) அவர்கள் மறைந்த காலத்தில் எழுதியதாகப் பொறித்துள்ளார். காலம் குறித்த மிகப் பழைய இஸ்லாமியக் கல்வெட்டுகளுள் ஒன்றான இதில், சில எழுத்துகளுக்குப் புள்ளிகளும் இடப்பட்டுள்ளன. அரபி எழுத்துக்குப் புள்ளி வந்தது பிற்காலத்தில்தான் என்று நம் மதரஸாக்களில் ஓதிவந்த பாடத்தை அந்தச் சிறு பாறை திருத்துகிறது. வழிப்போக்கன் ஒருவன் அதன்மேல் தன் பெயரைக் கிறுக்கியிருந்தால் இந்தச் சான்று நமக்குக் கிட்டியிருக்குமா?

பாறைகளில் எழுத்து மட்டுமன்று, உருவங்களும் உண்டே என்பர். ஹாயில் பகுதியில் ஜுப்பாவிலும் ஷுவைமிஸிலும் வேட்டைக்காரரும் நாய்களும் கால்நடைகளும் ஒட்டகங்களும் செதுக்கப்பட்டுள்ளன. 2015இல் அவை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. ஹிஜ்ர் 2008இலேயே சேர்ந்தது. மக்கா வெற்றியின்போது கஅபாவிலிருந்து அகற்றப்பட்டவை வணங்கப்பட்ட சிலைகள். எவரும் வணங்காத, பாலை பசுமையாயிருந்த காலத்தைக் காட்டும் வேட்டைச் சித்திரத்தை அவற்றோடு ஒன்றாக வைத்தல் பொருந்தாது. பத்தாம் நூற்றாண்டின் ஹம்தானீ, யமன் நாட்டுப் பழங்கோட்டைகளுக்கும் இடிபாடுகளுக்கும் தம் இக்லீலின் எட்டாம் பகுதியை ஒதுக்கினார். எகிப்தைக் கண்டெழுதிய அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதீ, பிரமிடு ஒன்றை இடிக்க முயன்ற அரசனின் ஆட்கள் எட்டு மாதம் உழைத்தும் தோற்றதைக் கூறி, பழஞ்சின்னங்களைச் சிதைப்போரைக் கண்டித்தார். அவருடைய நூற்பெயரிலேயே இஃதிபார், அதாவது படிப்பினை பெறுதல், என்ற சொல் நிற்கிறது. அவருக்குப் படிப்பினை என்பது அளந்து பார்த்தலும் ஆகும்.

நம் காலத்தில் நிகழ்ந்ததையும் மறைத்தல் கூடாது. லிபியாவின் அக்காக்கஸ் மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள ஓவியங்கள்மீது 2009இல் வண்ணத்தைப் பீய்ச்சிப் பாழாக்கினர். 2015இல் சிரியாவின் தத்முரில், மார்க்கத்தின் பெயர் சொல்லிய கூட்டத்தார் பேல் கோயிலை வெடிவைத்துத் தகர்த்தனர். அதற்குச் சில நாள் முன்னர், அவ்வூர்த் தொல்பொருள்களை நாற்பதாண்டு காத்த, எண்பதைக் கடந்த முதியவர் காலித் அல்-அஸ்அதைக் கொன்றனர். கொல்லப்பட்டவரும் ஒரு முஸ்லிம். இன்னா லில்லாஹி. அவரைப் பற்றி நம் இதழ்களில் ஒரு நல்ல கட்டுரை வந்ததாக நமக்கு நினைவில்லை.

1876இல் ஹிஜ்ருக்குச் சென்ற ஆங்கிலேயர் டவுட்டி நம் மார்க்கத்தைப் பற்றிக் கடுமொழி எழுதியவர். அதை நாம் ஏற்கோம். எனினும் கொளுத்தும் வெயிலில் கல்வெட்டுகளைப் படியெடுத்தவர் அவரே. தைமாவின் பழங்கல்வெட்டு இன்று பாரிஸ் லூவர் காட்சிச்சாலையில் இருக்கிறது. நம் மரபின் சான்றுகளைப் பிறர் படிக்கிறார்கள், பிறர் எடுத்துச் செல்கிறார்கள் என்று குறைகூறுமுன், நாம் அவற்றைப் படித்தோமா என்று கேட்டுக்கொள்ளுதல் தகும்.

ஆகவே நம் எழுத்தாளர்களை வேண்டுவது இதுவே. உம்ரா சென்று அல்-உலாவரை போகும் குடும்பங்கள் இன்று பெருகியுள்ளன. அங்குச் செல்வோர் அண்ணலார் கற்பித்த அடக்கத்துடன் செல்லட்டும். பாறையைத் தொடாமல், பெயர் கிறுக்காமல், கல் எடுக்காமல் திரும்பட்டும். திரும்பி வந்து எழுதுவோர் முதலில் கண்டதை எழுதட்டும். படிப்பினையைப் பின்னர் எழுதட்டும். கண்டதைச் செம்மையாக எழுதினால், படிப்பினையை வாசகர் தாமே பெற்றுக்கொள்வர்.